11 புள்ளியில் 60 விநாடி: பேட்மின்டன் பயிற்சியாளருக்கு நெருக்கடியும் மன அழுத்தமும்

21 புள்ளி ஆட்டத்தில் ஸ்கோர் 19-19 ஆக இருக்கும்போது கை நடுங்குவது நெருக்கடி. மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டு, காலையில் ராக்கெட் பையைத் தூக்கவே பிடிக்காமல் இருப்பது மன அழுத்தம். முன்னது நிமிடங்களில் வந்து போகும். பின்னது வாரக்கணக்கில் சேரும். உயர்மட்டப் பயிற்சியில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுப்பது. நைந்துபோன வீரரிடம் "மனசைத் திடப்படுத்து" என்பார்கள். வெறும் படபடப்புக்கு ஓய்வு கொடுத்து அனுப்புவார்கள்.

நெருக்கடி முதலில் கையில் தெரியும். ராக்கெட் பிடி இறுகி விரல் அசைவு போய்விடும். உயரமாகப் பின்னுக்கு அடிக்கும் கிளியர் பின்கோட்டை எட்டாமல் நடுக்கோர்ட்டில் விழும், நெட் ஷாட் எழும்பும், குறுகிய சர்வ் வலையில் மோதும். அப்போது போய் மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று விளக்கினால் நிலைமை மோசமாகும். தானாக வரும் அசைவை அவர் யோசித்துச் செய்யத் தொடங்குவார். "பிடியைத் தளர்த்து" போதும்.

21 புள்ளி ஆட்டத்தில் ஒருவர் 11-ஐத் தொட்டதும் 60 விநாடி இடைவேளை. அம்பயர் '20 விநாடி' என்று அறிவித்ததும் நீங்கள் கோர்ட்டை விட்டு விலக வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது 40. அதில் முதல் பாதி முழுக்கப் பேசாதீர்கள். துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, ஒரு நீண்ட மூச்சை வெளியே விடட்டும். பிறகு ஒரே ஒரு செய்தி, செய்ய வேண்டியதாக: "பேக்ஹேண்ட் மூலைக்கு உயரமாகத் தூக்கு." "நெட்டில் தப்பு பண்ணாதே" என்றால் மனசு அந்தத் தப்பையே சுற்றும். கேம்களுக்கு நடுவே 120 விநாடி உண்டு; அங்கே இரண்டு சொல்லலாம்.

இதைப் பழக்க, வாரம் இரண்டு நாள், பயிற்சியின் கடைசி 20 நிமிடம் 18-18-இலிருந்து ஆட விடுங்கள். ஸ்கோர் பலகை, வேடிக்கை பார்க்கச் சக வீரர்கள், வேண்டுமென்றே ஓரிரு தவறான லைன் தீர்ப்பு எல்லாம் வேண்டும். தோற்றவர் ஓட வேண்டும் என்று தண்டனை வைத்தால் களைப்புதான் பழகும். தினமும் வைத்தால் யாருக்கும் படபடப்பே வராது.

மன அழுத்தத்தைப் பிடிக்க நோட்டுப் புத்தகம் தேவை. பயிற்சி முடிந்து 30 நிமிடம் கழித்து, "0 முதல் 10 வரை எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேட்டு நிமிடங்களால் பெருக்குங்கள்: 90 × 7 = 630. அதுதான் அன்றைய பயிற்சிச் சுமை. கூடவே எழுந்ததும் எடுத்த நாடித்துடிப்பு, தூங்கிய மணிநேரம். வழக்கமான பயிற்சிக்கே 7 சொன்னவர் 9 சொல்லி, தூக்கமும் குறைந்து, நான்கைந்து நாள் அப்படியே நீடித்தால் சுமையைப் பாதியாக்குங்கள். தேர்வாளர் காதில் விழும்படி மட்டும் கேட்காதீர்கள். அணித் தேர்வு நெருங்கினால் எல்லோருக்கும் எல்லாமே '5'தான்.

சில நிலைகள் உங்கள் கையை மீறியவை. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பியதால் சிமோன் பைல்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். அப்படிப்பட்டவரை உற்சாகப்படுத்தி உள்ளே தள்ளுவது எலும்பு முறிவில் முடியலாம். விளையாட்டு உளவியலாளரிடம் அனுப்புங்கள்.

உங்கள் படபடப்பும் கணக்கில் உண்டு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒவ்வொரு தவறுக்கும் தலையில் கை வைத்தால், ரேலி முடிந்ததும் வீரர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு போட்டி முழுக்க உங்களை வீடியோ எடுக்கச் சொல்லி, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். தோல்வியை அலசுவதை மறுநாள் காலைக்குத் தள்ளிவையுங்கள். அன்றிரவு சாப்பாடும் தூக்கமும் போதும், உங்களுக்கும் சேர்த்துத்தான்.