எஞ்சின் மாற்றியதும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லை: என் அனுபவம்
மாருதி 800-க்கு வேறு எஞ்சின் இறக்கிய பிறகு, சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ் இருந்தது, ஹெட்லைட்டும் பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட்டரை, அதாவது எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரை, மாற்றச் சொன்னார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் (எஞ்சினின் உலோக உடல்) வைத்து, தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 9 வோல்ட் காட்டியது. கோளாறு எர்த்தில்தான், அதாவது மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில்தான்! ஹெட்லைட் பாடியிலிருந்து எர்த் எடுப்பதால் அது பாட்டுக்கு எரியும். ஸ்டார்ட்டருக்கு எஞ்சின் வழியாகத்தான் எர்த். ஜம்ப்பர் கேபிளால் நெகட்டிவையும் பிளாக்கையும் நேராக இணைத்ததும் சட்டென்று சுற்றியது.

எஞ்சினில் எர்த் வயர் போல்ட் உட்காரும் இடமெல்லாம் பெயின்ட்; அதுதான் மின்சாரத்தைத் தடுத்தது. உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து இறுக்கினேன். பழைய ஸ்டார்ட்டரே ஓடுகிறது.