இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கட்டி டிஎன்ஏ ரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவைக்குப் பின் நோய் எஞ்சியிருக்கிறதா, திரும்புகிறதா என்று அறிய, கட்டியிலிருந்து ரத்தத்தில் கலந்த டிஎன்ஏ துணுக்குகளைத் தேடுவதே கட்டி டிஎன்ஏ பரிசோதனை. ‘கட்டி டிஎன்ஏ கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கையில் கண்டதும் நோய் அடியோடு போய்விட்டது என்று முடிவுகட்டுவதுதான் இந்தப் பரிசோதனையில் நேரும் மிகப் பெரிய தவறு. அன்று எடுத்த ரத்தத்தில், தேடிய துணுக்குகள் அகப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். மடியும் புற்றுநோய் செல்களிலிருந்து வெளிவரும் இத்துணுக்குகள் மிகச் சிறியவை. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடுபவை. இரைப்பைப் புற்றுநோயோ, வயிற்றறையின் உட்சவ்வில் சிறு சிறு புள்ளிகளாகத் திரும்பும் இயல்புடையது. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ மிகச் சொற்பம். ஆகவே ‘நெகட்டிவ்’ வந்ததை நம்பி சிடி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும், வயிற்று உப்பலையும் காரணமில்லாத எடைக்குறைவையும் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவதும் ஆபத்தானவை. இரைப்பையின் ஒரு பகுதி எஞ்சியிருந்தால் எண்டோஸ்கோபியையும் விடக்கூடாது. பழைய கட்டியின் மரபணு மாற்றங்களை மட்டுமே தேடும்படி அமைத்த பரிசோதனைக்கு, எஞ்சிய பகுதியில் புதிதாக முளைக்கும் புற்று தெரியாமல் போகலாம்.

அறுவை முடிந்த சில நாட்களிலேயே ரத்தம் எடுப்பதும் பயன் தராது. காயம்பட்ட இயல்பான திசுக்களின் டிஎன்ஏ அப்போது ரத்தத்தில் பெருகியிருப்பதால், கட்டியின் துணுக்கு அதில் கரைந்து காணாமல் போகக்கூடும். அதனால்தான் சில வாரங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். கீமோதெரபி நடக்கும்போதும் கட்டி டிஎன்ஏவின் அளவு தற்காலிகமாகத் தாழலாம்.

பலர் கவனிக்காத இடம், ரத்தத்தைச் சேகரிக்கும் குழாய். ரத்தம் உறையாமல் தடுக்கும் சாதாரண ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தை, அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிக்காமல் மேசையில் நெடுநேரம் வைத்தால், வெள்ளணுக்கள் உடைந்து தம் டிஎன்ஏவைக் கொட்டிவிடும்; கட்டியின் துணுக்கு அதிலும் கரைந்து போகலாம். ஆய்வகம் தொலைவில் இருந்தால், செல்கள் உடையாமல் காக்கும் தனிக் குழாயில்தான் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என்றால் அதை அலட்சியம் செய்யவே கூடாது. ஸ்கேனில் எதுவும் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இது நோயைக் காட்டியதுண்டு. ஆனாலும் வயது ஏற ஏற ரத்த செல்களிலேயே சேரும் மரபணு மாற்றங்கள் கட்டியின் மாற்றங்கள் போலத் தோன்றக்கூடும் என்பதால், வெள்ளணுக்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்களா என்று விசாரித்து, இன்னொரு மாதிரியிலும் உறுதிசெய்வது நல்லது.

பெருங்குடல் புற்றுநோயில் கண்டதை இங்கே அப்படியே பொருத்துவதும் தவறு. இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) பெருங்குடல் புற்றில், இந்தப் பரிசோதனையின் முடிவைக் கொண்டு கீமோவைக் குறைக்கலாம் என்று 2022-இல் வெளியான ‘டைனமிக்’ (DYNAMIC) என்ற ஆய்வு காட்டியது. இரைப்பைக்கு அந்த அளவு உறுதியான சான்று இல்லை. எனவே ரத்தம் கொடுப்பதற்கு முன்பே, முடிவு பாசிட்டிவாக வந்தால் சிகிச்சையில் எது மாறும், நெகட்டிவாக வந்தால் எது மாறாது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.