காசு கொடுத்து கோட் எடிட்டர் வாங்கலாமா: முடிவெடுக்கும் முறை

நிரல் எழுதக் கட்டண எடிட்டர் உயர்ந்ததா, இலவச எடிட்டர் போதுமா என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. உங்கள் வேலைநாளில் எடிட்டரால் எங்கே நேரம் வீணாகிறது, அந்த இழப்பைக் கட்டண மென்பொருள் குறைக்குமா என்று கேட்டால் கிடைக்கும். அந்தக் கேள்விக்கு விடை காணும் வழி இங்கே சொல்லப்படுகிறது.

முதலில் ஒரு பழைய காரணத்தை ஒதுக்கிவிடலாம். குறியீட்டைத் தானாக நிரப்புவது, ஒரு செயற்கூறின் வரையறைக்குத் தாவுவது, தட்டச்சு செய்யும்போதே பிழையைக் காட்டுவது ஆகியவை ஒரு காலத்தில் பெரிய ஐடிஇ மென்பொருள்களில் (எடிட்டரோடு பிழை தேடும் கருவி முதலியவையும் சேர்ந்து வருபவை) மட்டுமே நன்றாக அமைந்திருந்தன. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் என்னும் பொது நெறிமுறையை அறிவித்தன. மொழியைப் புரிந்துகொள்ளும் வேலையை எடிட்டரிலிருந்து பிரித்து, மொழிச் சேவையகம் என்னும் தனி நிரலிடம் ஒப்படைப்பதே அதன் அடிப்படை. ரஸ்ட் அனலைசர், ஜீஓபிஎல்எஸ், கிளாங்டி போன்ற மொழிச் சேவையகங்கள் இன்று விஎஸ் கோட், நியோவிம், ஈமேக்ஸ் ஆகிய இலவச எடிட்டர்கள் உட்பட, அந்த நெறிமுறையை ஏற்கும் எந்த எடிட்டரோடும் இணைந்து இயங்குகின்றன. ஆகவே தானாக நிரப்பும் வசதிக்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலான மொழிகளில் இல்லை.

அடுத்து, ஒரு வார காலம் உங்கள் வேலையைக் கவனித்துக் குறிப்பெடுங்கள். எடிட்டர் உங்களைக் காக்க வைத்த இடம், ஒரு பெயரை மாற்றப் பல கோப்புகளைக் கையால் திறந்த இடம், டீபகரை (நிரலை இடையில் நிறுத்திப் பிழை தேடும் கருவி) இயக்க முடியாமல் மதிப்புகளை அச்சிடும் வரிகளைச் சேர்த்துத் தேடிய இடம், தரவுத்தள அட்டவணையைப் பார்க்க வேறு மென்பொருளுக்குப் போன இடம், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருள்) இணைப்பு மோதல்களில் சிக்கிய இடம் என எழுதி வையுங்கள். வார இறுதியில் அந்தப் பட்டியல் ஏறக்குறைய வெறுமையாக இருந்தால், நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. மீதியைப் படிக்காமலே விட்டுவிடலாம்.

பட்டியல் நீளமாக இருந்தாலும் உடனே கடன் அட்டையை எடுக்க வேண்டாம். இந்த ஒப்பீடுகள் பெரும்பாலும் நியாயமற்றவை என்பது என் கருத்து: எல்லாம் பூட்டி முடித்து வரும் ஒரு கட்டண ஐடிஇயை, நிறுவியபடியே விடப்பட்ட ஒரு இலவச எடிட்டரோடு வைத்துப் பார்க்கிறார்கள். ஒப்பிடும் முன் இலவச எடிட்டரை ஒழுங்காக அமைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மொழிக்குரிய சேவையகத்தை நிறுவுங்கள். டீபகருக்கான அமைவுக் கோப்பை ஒருமுறை பொறுமையாக எழுதி, அதைத் திட்டத்தின் களஞ்சியத்திலேயே சேமியுங்கள். சார்பு நூலகங்களும் பில்டு (மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் பணி) வெளியீடுகளும் கிடக்கும் கோப்புறைகளைத் தேடலிலிருந்தும் கோப்புக் கண்காணிப்பிலிருந்தும் விலக்குங்கள். விஎஸ் கோட் மந்தமாக இருந்தால் பழி பெரும்பாலும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனை (எடிட்டரில் கூடுதலாக நிறுவும் துணை நிரல்) சேரும். எக்ஸ்டென்ஷன்களில் பாதியைப் பாதியாக அணைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கட்டளை ஒன்று அதிலேயே உள்ளது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. நியோவிம் பயன்படுத்துவோருக்கு, 2021இல் வந்த 0.5 பதிப்பு முதல் மொழிச் சேவையக இணைப்பு உள்ளமைந்தே வருகிறது.

இவ்வளவும் செய்த பிறகு பட்டியலில் மிஞ்சுபவையே கட்டண எடிட்டரை எடைபோடுவதற்கான சோதனைகள். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தின் இன்டெல்லிஜே ஐடியா போன்ற ஐடிஇகள் திறந்தவுடன் திட்டம் முழுவதையும் படித்துத் தமக்குள் ஒரு அட்டவணையை உருவாக்கிக்கொள்கின்றன. தொடக்கத்தில் அவை தாமதிப்பதற்கும், நினைவகத்தை நிறைய எடுத்துக்கொள்வதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அவற்றின் பலமும் இதிலிருந்தே வருகிறது. பல இடங்களிலிருந்து அழைக்கப்படும் ஒரு செயற்கூறின் அளவுருக்களை இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு கிளாஸை வேறு தொகுப்புக்கு நகர்த்தி, அமைவுக் கோப்புகளில் எழுத்துச் சரமாக இருக்கும் அதன் பெயரும் மாறுகிறதா என்று பாருங்கள். ஜாவா நிரலுக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதிய எஸ்கியூஎல் (தரவுத்தள மொழி) வினவலில் இல்லாத ஒரு நெடுவரிசையின் பெயரை இட்டு, எடிட்டர் அதைப் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். மொழிச் சேவையகங்கள் பெயர் மாற்றத்தை நன்றாகவே செய்கின்றன. ஆனால் மொழி, ஃபிரேம்வொர்க் (நிரலுக்கு அடித்தளமான ஆயத்தக் கட்டமைப்பு), தரவுத்தளம் ஆகிய மூன்றின் எல்லைகளைக் கடக்கும் மாற்றங்களில் கட்டண ஐடிஇகள் இன்னும் முன்னே நிற்கின்றன. இந்த வேறுபாடு ஜாவா, கோட்லின், சி ஷார்ப் போன்ற நிலைவகை (மாறிகளின் வகை முன்கூட்டியே தீர்மானிக்கப்படும்) மொழிகளில், பலர் பல ஆண்டுகள் எழுதிய பெரிய நிரல்தொகுப்புகளில் தெளிவாகத் தெரியும். சிறு ஸ்கிரிப்டுகளில் அது கண்ணுக்கே படாது.

பணம் கொடுப்பதற்கு இதற்கு நேர் எதிரான காரணமும் உண்டு. கட்டண எடிட்டரான சப்லைம் டெக்ஸ்ட் ஐடிஇ ஆக முயல்வதில்லை. உடனே திறக்கிறது, பெரிய லாக் கோப்புகளையும் தளராமல் கையாள்கிறது. விஎஸ் கோட் எலக்ட்ரான் மீது, அதாவது ஒரு உலாவியின் இயந்திரத்தின் மீது கட்டப்பட்டது. மிகப் பெரிய கோப்புகளைத் திறக்கும்போது சில வசதிகளைத் தானே அணைத்துவிடுகிறது. பழைய கணினியில் வேலை செய்பவருக்கு இந்த இலகுத்தன்மையே விலைக்குத் தகும். ஆனால் இன்று நியோவிம், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஸெட் போன்ற இலவச எடிட்டர்களும் வேகமானவை என்பதால் அவற்றையும் முயன்று பார்த்த பிறகே முடிவு செய்வது நல்லது.

விலையைவிட உரிம விதிகளே பலரை ஏமாற்றமடையச் செய்கின்றன. சப்லைம் டெக்ஸ்டின் தனிநபர் உரிமம் 3 ஆண்டுகளுக்கான புதுப்பிப்புகளைத் தருகிறது. அதன் பின் கையிலுள்ள பதிப்பு தொடர்ந்து இயங்கும். ஜெட்பிரெயின்ஸ் சந்தா முறையில் விற்கிறது. இடைவிடாமல் 12 மாதம் கட்டியவருக்கு, அந்த 12 மாதங்களின் தொடக்கத்தில் நடப்பிலிருந்த பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கிறது. தொடக்கத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள்: சந்தாவை நிறுத்தினால் நேற்றுவரை பயன்படுத்திய பதிப்பை விட்டு ஓராண்டு பழையதற்குத் திரும்ப நேரிடலாம். தனிநபர் உரிமத்தை அலுவலக வேலைக்குப் பயன்படுத்த அந்நிறுவனம் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கான பணத்தை உங்கள் முதலாளி திருப்பித் தரக் கூடாது.

வாங்கும் முன் இலவசத் தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஜெட்பிரெயின்ஸ் கல்வி உரிமம் தருகிறது. 2024 அக்டோபரில் அதன் வெப்ஸ்டார்ம், ரைடர் ஆகிய இரண்டு ஐடிஇகளும் வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இலவசமாயின. பெயரறியாப் பயன்பாட்டுத் தரவு அனுப்பப்படுவதை அந்த உரிமத்தில் அணைக்க முடியாது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பைத் தனி நிரலாளர்கள் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். பெருநிறுவனம் அல்லாத அமைப்புகளில் அதிகபட்சம் 5 பேர் பயன்படுத்தலாம்.

இலவசத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. விஎஸ் கோடின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்குவது அந்நிறுவனத்தின் தனி உரிமத்தில் வரும் மென்பொருள். தொலையளவி (பயன்பாட்டுத் தரவை நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி) இல்லாமல் அதே மூலநிரலிலிருந்து கட்டப்பட்ட விஎஸ் கோடியம் வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன் சந்தையை அதன் விதிகளின்படி பயன்படுத்த முடியாது. எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓபன் விஎஸ்எக்ஸ் களஞ்சியத்தை நாட வேண்டும். பைத்தானுக்கான பைலான்ஸ் போன்ற சில எக்ஸ்டென்ஷன்கள் திறமூலமாகவே இல்லை. இன்னொன்று: எக்ஸ்டென்ஷன்கள் எடிட்டருக்குள்ள அனுமதிகள் அனைத்தோடும் இயங்குகின்றன. முன்பின் தெரியாத வெளியீட்டாளரின் ஒரு நிறக்கருப்பொருளை நிறுவும் முன்பும் யோசிப்பது தகும்.

காசு கொடுத்தால் மென்பொருள் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. கிட்ஹப் தனது இலவச ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பர் 15 அன்று மூடியது. அதே மாதத்தில் ஜெட்பிரெயின்ஸ் தனது கட்டண ஐடிஇயான ஆப்கோடின் விற்பனையை நிறுத்தியது. எந்த எடிட்டரைத் தேர்ந்தாலும் பில்டு, சோதனை, வடிவமைப்பு ஆகியவை கட்டளை வரியிலிருந்தே இயங்கும்படி திட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். உள்தள்ளல் விதிகளை பல எடிட்டர்களும் படிக்கும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் எழுதுங்கள். அப்போது எடிட்டரை மாற்றுவது ஒரு நாள் வேலையாக முடியும்.

செயற்கை நுண்ணறிவு உதவிக்கான சந்தாவைத் தனிக் கணக்காக வையுங்கள். கிட்ஹப் கோபைலட் போன்றவை பல எடிட்டர்களிலும் இயங்குகின்றன, 2024 டிசம்பர் முதல் கோபைலட்டுக்கு அளவுக்குட்பட்ட இலவசத் திட்டமும் உண்டு. அதற்குக் கொடுக்கும் பணத்தை எடிட்டரின் சிறப்பாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

இனிச் சோதனைக் காலம். ஜெட்பிரெயின்ஸ் ஐடிஇகளைப் பொதுவாக 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். முதல் வாரத்தின் அனுபவத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அந்த நாட்களில் விரல்கள் பழைய குறுக்குவிசைகளையே தேடும். பழைய எடிட்டரின் விசையமைப்பை இறக்குமதி செய்துகொண்டு, உண்மையான திட்டத்தில், குறிப்பில் மிஞ்சிய வேலைகளை இரண்டிலும் செய்து பாருங்கள். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று மிகைப்படுத்தாமல் கணித்து, அதை உங்கள் ஒரு மணி நேர ஊதியத்தால் பெருக்குங்கள். பெரிய ஜாவா திட்டத்தில் நாள் முழுவதும் உழைப்பவருக்கு அந்தத் தொகை பெரும்பாலும் சந்தாவைத் தாண்டும். பல மொழிகளில் சிறு சிறு வேலைகள் செய்பவருக்குப் பெரும்பாலும் தாண்டாது.

வாங்குவதென்று முடிவானால் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை அன்றே அணைத்துவிட்டு, சந்தா முடிவதற்கு இரு வாரம் முன்பான ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்த இரு வாரமும் இலவச எடிட்டரில் மட்டும் வேலை செய்து பார்த்த பிறகு அடுத்த ஆண்டுக்குக் கட்டலாமா என்று தீர்மானிக்கலாம்.