முதல் வரைவுக்குப் பிறகு என்ன செய்வது?

எழுதி முடித்த கையோடு திருத்த உட்காராதீர்கள். ஒரு நாளாவது ஆறப்போடுங்கள். சூட்டோடு படித்தால், தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் நினைத்ததையே கண் படிக்கும்.

மறுநாள், முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். விஷயம் புரிகிறதா? அப்படியானால் முதல் பத்தி வேண்டாம். எழுத்து ஓடத் தொடங்குவதற்காக நாம் எழுதிக்கொண்டது அது. வாசகருக்கு அதில் வேலையில்லை.

அடுத்து வினைச்சொற்கள். எழுத்து சோர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். ‘மேற்கொள்ளப்பட்டது’, ‘உள்ளாக்கப்பட்டனர்’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். “மழையால் மக்கள் பெரும் அவதிக்கு உள்ளாக்கப்பட்டனர்” என்ற வரியில் ஒரு மனிதரும் கண்ணுக்குத் தெரிவதில்லை. “முழங்கால் அளவுத் தண்ணீரில், செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார்கள்” என்று எழுதினால் ‘அவதி’ என்ற சொல்லே தேவைப்படாது, ‘பெரும்’ என்பதும் தானாக உதிர்ந்துவிடும். எல்லா வரியையும் இப்படி எழுதினால் திகட்டிவிடும். கட்டுரையின் உயிர் எங்கே இருக்கிறதோ அந்த இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் இந்த உழைப்பைக் கொடுங்கள். மற்றதை ஒரு வரியில் கடந்து போகலாம்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் நீள வாக்கியத்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. ‘சென்று, பார்த்து, கேட்டு, எழுதி’ என எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், முற்று வருவதற்குள் யார் செய்தார் என்பதே வாசகருக்கு மறந்துவிடும். மூன்று எச்சங்களைத் தாண்டினால் வாக்கியத்தை உடையுங்கள். அதற்காக எல்லாவற்றையும் நான்கு சொல், ஐந்து சொல்லாக நறுக்கினால் தந்தி வாசிப்பதுபோல் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் அளவு தெரியும்: மூச்சு முட்டுகிற இடத்தில் வெட்டுங்கள், வெட்டி வெட்டி ஒலிக்கிற இடத்தில் இரண்டைச் சேருங்கள்.

பிறகு நன்னூலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அது பட்டியலிடுகிறது. திருத்தும்போது சரிபார்க்க இதைவிட நல்ல பட்டியல் கிடைப்பது அரிது. ‘கூறியது கூறல்’, ‘மற்றொன்று விரித்தல்’ இரண்டையும் நீக்கினாலே கட்டுரை கணிசமாகச் சுருங்கும். பிடிபடாமல் தப்புவது ‘சென்று தேய்ந்து இறுதல்’, அதாவது வலுவாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிவது. கையில் இருந்த நல்ல தகவலையெல்லாம் முதல் பாதியிலேயே செலவழித்துவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒன்றையாவது பின்பாதிக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பிறகு, கடைசிப் பத்தியையும் ஒருமுறை கையால் மறைத்துப் பாருங்கள்.