பள்ளிக்கு இடம் தேடும் வரைபடத்தில் நேரும் பிழைகள்

பள்ளியை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் விழும் வீடுகளுக்கெல்லாம் பள்ளி பக்கம்தான் என்று முடிவு கட்டுவது, கணினியில் வரைபடத் தரவை அலசும் ஜிஐஎஸ் வேலையில் அடிக்கடி நடக்கிறது. வட்டம் நேர்கோட்டை அளக்கிறது. குழந்தையோ சாலை வழியே நடக்கிறது. நடுவே ஆறு ஓடி, பாலம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்க்கரையில் 400 மீட்டரில் உள்ள வீட்டிலிருந்து நடை நான்கு கிலோமீட்டரைத் தாண்டும். வரைபடத்தில் அந்த வீடு, பள்ளி பக்கத்தில் உள்ளது என்று பச்சையாகத் தெரிவதால் அங்கே புதிய பள்ளி கேட்க யாருக்கும் தோன்றாது. இதைவிடக் கொடிய பிழை இந்த வேலையில் இல்லை.

ஆகவே சாலை வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளில் அதற்கு ‘சர்வீஸ் ஏரியா’ கருவி இருக்கிறது; ஓரிடத்திலிருந்து சாலை வழியே குறிப்பிட்ட தூரத்துக்குள் எட்டும் பகுதியை அது காட்டும். ஆனால் சாலைக் கோடுகள் முனையோடு முனை ஒட்டியிருக்க வேண்டும். அரை மீட்டர் இடைவெளி இருந்தாலும் சாலை அங்கேயே முடிந்ததாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒரு தெரு முழுக்கப் பள்ளி எட்டாததாகிவிடும். ஒற்றையடிப் பாதைகள் சாலைகளுக்கான தரவு அடுக்கில் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது அலகு. ஆயத்தொலை முறைகளுக்கு ஈபிஎஸ்ஜி எண்கள் உண்டு. அவற்றில் 4326 என்பது அட்சரேகை, தீர்க்கரேகை முறை; அதில் உள்ள அடுக்கு டிகிரியில் அளக்கும். ‘0.01 டிகிரி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்’ என்ற குறுக்குவழி நிலநடுக்கோட்டருகே ஓரளவு சரி. 60 டிகிரி அட்சரேகையில் கிழக்கு மேற்காக அது சுமார் 550 மீட்டர்தான். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் ஈபிஎஸ்ஜி 3857 முறை அலகை மீட்டர் என்றே காட்டும், ஆனால் அதே அட்சரேகையில் தூரத்தை இருமடங்காக்கிவிடும். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில், அந்தப் பகுதிக்குரிய மண்டலத்துக்கு மாற்றிய பிறகே அளக்கவும்.

பள்ளிப் புள்ளிகளையும் அப்படியே நம்ப வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமத்துக்குப் பின் இரண்டே இலக்கம் இருந்தால் புள்ளி அரைக் கிலோமீட்டருக்கு மேல்கூட நகர்ந்திருக்கலாம். ஐந்து இலக்கம் தேவை. பல பள்ளிகள் ஒரே புள்ளியில் குவிந்திருந்தால், கட்டடத்துக்குப் பதில் ஊரின் மையத்தைப் பதிந்திருக்கிறார்கள்.

மொத்த மக்கள்தொகையை வைத்துப் பள்ளியில் தேவைப்படும் மாணவர் இடங்களைக் கணக்கிடுவதும் தவறு. தொடக்கப் பள்ளிக்கு வேண்டியது அந்த வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கையும், அவர்களுக்குப் பின்னால் வரும் ஐந்து வயதுக்குட்பட்டோரின் எண்ணிக்கையும். பக்கத்துப் பள்ளி நிரம்பிவிட்டதா என்பதும் கணக்கில் வரவேண்டும்.

மாவட்ட எல்லையில் தரவை வெட்டிவிடாதீர்கள். எல்லைக்கு வெளியே குறைந்தது ஐந்து கிலோமீட்டர் வரை உள்ள பள்ளிகளையும் சாலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லையோரக் குழந்தைகளில் பலருக்கு அடுத்த மாவட்டப் பள்ளிதான் அருகில் இருக்கும்.