யாரோ அனுப்பிய வாசிப்புப் பட்டியலும் நாம் சறுக்கும் இடங்களும்

விவரம் தெரிந்த நண்பர் பத்துச் சுட்டிகளை அனுப்பி, "இதையெல்லாம் கட்டாயம் படி" என்கிறார். அரசியல், வரலாறு, மதம், கடைசியில் முனைவர் பட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று ஒரு கட்டுரை. பத்தையும் சேமித்து வைத்தவுடனேயே பாதி படித்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. முதல் தவறு அதுதான். ஆனால் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வருகிறது.

அதிகம் பேர் விழுகிற குழி, மேற்கோள். "மதம் மக்களின் அபின்" என்று மார்க்ஸ் எழுதிய வரி வெளியானது 1844இல். மதத்தைச் சாடுபவரும் அந்த வரியை எடுக்கிறார், மார்க்ஸைச் சாடுபவரும் அதையே எடுக்கிறார். அதற்கு முந்தைய வரியை இருவருமே விட்டுவிடுகிறார்கள். அங்கே அவர் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும், இதயமற்ற உலகின் இதயம் என்றும் சொல்கிறார். அபின் அன்றைக்கு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் வலிக்காக வாங்கிய பொருளும்கூட. முழுப் பத்தியையும் படித்தால் வசைக்குப் பின்னால் இரக்கமும் தெரியும். சம்மதிப்பதும் மறுப்பதும் அதற்குப் பிறகு.

வரலாற்றிலும் இதே கதைதான். ரொட்டி இல்லாத மக்களைக் கேக் சாப்பிடச் சொன்னவர் பிரெஞ்சு அரசி மரீ அந்துவானெத் என்று எத்தனையோ இடங்களில் படித்திருப்போம். சிந்தனையாளர் ரூசோ தன் சுயசரிதையில் "ஒரு பெரிய இளவரசி" சொன்னதாக மட்டுமே எழுதினார், பெயர் சொல்லவில்லை. அவர் அந்தப் பகுதியை எழுதியது 1760களில். 1755இல் பிறந்த மரீ பிரான்ஸுக்கு வந்ததே 1770இல்தான். இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.

அரசியல் கட்டுரை என்றால் எழுதிய தேதியைப் பாருங்கள். தேர்தலுக்கு முன் எழுதிய கணிப்பை முடிவு வந்த பிறகு படிப்பது நல்ல பொழுதுபோக்கு. ஒரு மதத்தைப் பற்றி அதை வெறுப்பவரிடமிருந்து மட்டுமோ பரப்புபவரிடமிருந்து மட்டுமோ தெரிந்துகொள்ளாதீர்கள்.

முனைவர் படிப்பு பற்றிய அறிவுரைகளில்தான் எனக்கு அதிக எச்சரிக்கை உண்டு. பேராசிரியர் ஆனவர் எழுதுகிறார், கசந்து வெளியேறியவரும் எழுதுகிறார். பட்டம் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வேறு வேலைக்குப் போனவர் பெரும்பாலும் எழுதுவதில்லை. துறையையும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நெறியாளரின் நிதியில், குழுவோடு வேலை செய்யும் வேதியியல் மாணவருக்குச் சொன்னது, ஆவணக் காப்பகத்தில் தனியே உட்கார்ந்திருக்கும் வரலாற்று மாணவருக்குப் பொருந்தாது. அறிவுரை நல்லதாகவே இருக்கலாம், அது நமக்கானதாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று, இணையக் கட்டுரை முதலில் எழுதிய வடிவிலேயே மாறாமல் இருக்கும் என்று நம்புவது. ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியை நம்பி நண்பரிடம் வாதாடினேன். அவர் அதே சுட்டியைத் திறந்தபோது அந்தப் பத்தியே இல்லை. இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும், 2001இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வேபேக் மெஷின் தளத்தில் அதன் முகவரியை இட்டுப் பார்த்தேன். பழைய வடிவம் அப்படியே இருந்தது, நான் சொன்ன பத்தியோடு. புதியதில் அதை நீக்கியதற்கு ஒரு வரி அறிவிப்புகூட இல்லை. இப்போதெல்லாம் முக்கியமானதைப் படித்தவுடன் அங்கேயே ஒரு பிரதி சேமித்துவிட்டுத்தான் வாதத்துக்குப் போகிறேன்.