நமீபியாவுல கைடோட பாலைவன நடை: முதல் தடவை போறவங்களுக்கு

விசா, டிக்கெட் எல்லாம் நீங்களே பாத்துப்பீங்க, அதுக்குள்ள நான் போகல. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், ஃப்ளைட் அடிஸ் அபாபா இல்ல நைரோபி வழியா இருந்தா மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு வேணுமான்னு முதல்லயே விசாரிச்சிடுங்க, ஏன்னா ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அந்தக் கார்டு செல்லும். சென்னைக்காரங்க கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போட்டுக்கலாம்.

ஸ்டெப் 1: மே கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும் போங்க. பகல்ல நடக்கிற மாதிரி வெயில் இருக்கும், ஜூன் ஜூலை ராத்திரில பல்லு தந்தியடிக்கும். மழை இல்லாத மாசங்கறதால விலங்கெல்லாம் தண்ணி இருக்கிற இடத்துக்கே வந்து சேரும்.

ஸ்டெப் 2: டூர் புக் பண்றப்போ எல்லாரும் விலையத்தான் கேக்கறாங்க, நீங்க "செஸ்ரியம்ல ராத்திரி கேட்டுக்கு உள்ளயா வெளியயா?"ன்னு கேளுங்க. செஸ்ரியம்ங்கறது பெரிய மணல்மேடுங்க இருக்கிற நமீப் பாலைவனப் பூங்காவோட வாசல். வெளி கேட் சூரியன் உதிக்கிறப்போதான் திறக்கும், உள்ள தங்கறவங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே விட்டுடுவாங்க. டியூன் 45ங்கற மணல்மேடு அங்கேருந்து 45 கிலோமீட்டர், அதான் அந்தப் பேரே. வெளிய தங்கினா உச்சில நின்னு சூரிய உதயம் பாக்கறதெல்லாம் நடக்காது.

ஸ்டெப் 3: டிராலி பெட்டி வேணவே வேணாம், மெத்துன்னு மடங்கற டஃபிள் பேக்தான். ஷூ விஷயத்துல எனக்குப் பிடிவாதம் உண்டு. வலை மாதிரி துணி வெச்ச ரன்னிங் ஷூல பொடி மணல் சல்லடைல இறங்கற மாதிரி இறங்கும், அதனால கணுக்கால் மூடற லெதர் ஷூ, மேல கெய்ட்டர் (மணல் உள்ள போகாம கணுக்காலைச் சுத்திப் போடற உறை), கம்பளி சாக்ஸ். அப்புறம் ஒரு ஹெட்லேம்ப்.

ஸ்டெப் 4, மணல்மேடு ஏறறது. நிறைய பேருக்கு மூச்சு வாங்கறது இங்கதான், கொஞ்சம் நிதானமா படிங்க. பக்கவாட்டுல நேரா ஏறாதீங்க, ரெண்டடி வெச்சா ஒண்ணரை அடி கீழ சறுக்கும். முகட்டு மேலயே போங்க, முன்னாடி போறவர் கால் பதிச்ச குழிலயே உங்க காலையும் வைங்க, அங்க மணல் அமுங்கி கெட்டியா இருக்கும். முன்பாதத்துல உந்தினா பொதக்குனு உள்ள போயிடும், பாதம் முழுசா படணும், அடி சின்னதா இருக்கணும். பிக் டாடிங்கற பெரிய மணல்மேடு 325 மீட்டர் கிட்ட வரும், கைடு கூட வர்றப்போ அவசரப்படாம ஏறுங்க. இறங்கறதுதான் ஜாலி, குதிகாலை ஊன்றி நேரா கீழ இருக்கிற டெட்விலேயிங்கற காய்ஞ்ச களிமண் படுகைக்கே இறங்கிடலாம். அங்க நிக்கற ஒட்டக முள் மரமெல்லாம் (நம்ம ஊர் கருவேலத்துக்குச் சொந்தம்) செத்து 600 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஈரமே இல்லாததால மக்கல, வெயில்ல கருகி அப்படியே நிக்குது.

நடுவுல கைடு சட்டுனு குனிஞ்சா நீங்களும் குனிங்க. கருப்பா தொக்தொக்கின்னு ஒரு வண்டு, வயித்தைத் தரையில தட்டித் தட்டி ஜோடியைக் கூப்பிடும்.

ஸ்டெப் 5: டமராலாண்ட். வறண்ட ஆத்துப் படுகைல பாலைவன யானைங்க சுத்தற ஏரியா. ஒத்த வரிசைல, பேசாம, கைடுக்குப் பின்னாடியே போகணும். காத்து நம்ம பக்கத்துல இருந்து யானை பக்கம் அடிச்சா அவர் சுத்தி வேற வழில கூட்டிட்டுப் போவார், "ஏன் சார் இவ்ளோ தூரம்"னு கேக்காதீங்க. முக்கியமா ஓடவே கூடாது.

அப்டேட்: ஃபிஷ் ரிவர் கேன்யன்ங்கற பள்ளத்தாக்குல நடக்கிறது பத்தி கமெண்ட்ல நிறைய கேட்டிருந்தீங்க. அந்த நடை சுமார் 85 கிலோமீட்டர், மே 1ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும்தான் விடுவாங்க, டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயம். முதல் ட்ரிப்புக்கு அது வேணாம்ங்கறது என் அபிப்பிராயம், முட்டி பேசும்.

இன்னொரு அப்டேட்: எட்டோஷா வனவிலங்குப் பூங்காவுல நடக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். முடியாது, கேம்ப்புக்கு வெளிய வண்டிய விட்டு இறங்கவே கூடாது. ஆனா ஒகாகுவேயோ கேம்ப்ல லைட் போட்ட தண்ணிக் குட்டை இருக்கு, ராத்திரி ஸ்வெட்டர் போட்டுட்டு பெஞ்சுல உக்காருங்க, காண்டாமிருகம் தண்ணி குடிக்க வரும். அப்புறம் காசு: தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவுல அப்படியே செல்லும், ஆனா மிச்சமான நமீபிய டாலரை அந்த ஊர்லயே செலவு பண்ணிட்டு வந்துருங்க, எல்லை தாண்டினா யாரும் வாங்க மாட்டாங்க.